துணைக்கால்

மாயெபூர் தபால் நிலையத்தில் இரண்டாம் ஜன்னல் என்னுடையது.
கம்பிக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம்.
வியாழன்தோறும் பத்தரைக்கு வருவார் கேசவென் முத்தியா.
மழைக்குப் பயந்து சட்டைக்குள் செருகிய உறை,
உறைக்குள் நான்கு கட்டம்,
கட்டங்களுக்குள் தோந்தோன் சினாப்பென்.

தோந்தோன் என்றால் இங்கே மாமா.
தமிழ்க் காதில் தொந்தி என்று விழும்.
விழட்டும், வரைந்தவரும் அதைத்தான் வரைந்தார்:
பொத்தான் எட்டாத சட்டை, ஓட்டைக் குடை,
புயல் எச்சரிக்கை மூன்று என்று வானொலி சொன்ன பிறகு
துணி காயப்போடக் கிளம்புகிற மனுஷன்.
முதல் கட்டத்தில் கடன் கேட்பார்.
இரண்டில் கிடைத்துவிடும்.
மூன்றில் குதிரைப் பந்தயம்.
நான்கில் எந்த ஞாயிறும் ஒரே சொல்.

வாய் நிறையக் கிரியோல் பேசுகிறவர்
விழும்போது மட்டும் தமிழில் விழுவார்:
ஐயோ.
அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவார் முத்தியா,
ரூபாய் நோட்டில் இருக்கிற அதே எழுத்து,
தோந்தோன் பையில் என்றைக்கும் இல்லாத நோட்டு.
கடைக்கார லாம் அதை எழுத்தென்றே நினைக்கவில்லை.
விழுந்த ஆளின் படமாம்:
இதோ தலை, இதோ மடங்கின முட்டி,
கடைசியில் நீட்டிக்கொண்ட ஒற்றைக் கால்.

என்னையும் ஒரு தரம் வரைந்தார்.
ஐம்பது சதம் குறைந்த உறையை நான் திருப்பித் தந்த வாரம்.
ஞாயிற்றுக்கிழமை பிரித்தால்
கம்பிக்குப் பின்னால் ஒரு மூக்கு.
மூக்குக்குப் பின்னால், கொஞ்சம் போல, நான்.
கிரியோலில்தான் சொல்கிறது மூக்கு,
நான் தமிழில் படித்துக்கொண்டேன்: 'தலை போதாது.'
தோந்தோன் தன் தலையைத் தடவிப் பார்க்கிறார்.
மூன்று மாதம் மீன் சந்தையில் எனக்கு அந்த மூக்குதான் பெயர்.
வீட்டுக்காரர் அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினார்.
கிழித்தேன்.
இன்னொரு பேப்பர் வாங்கி வந்தார்.

இந்த வருஷம் அரசாங்கம் தோந்தோனைத் தபால்தலையாக்கியது.
குழு ஒன்று கூடி அவரைப் பரிசோதித்தது.
குடை ஓட்டையை அடைத்தார்கள்.
பொத்தான் போட்டுவிட்டார்கள்.
தொந்தியை, பெண் பார்க்கப் போகிறவன் போல
மூச்சுப் பிடித்து உள்ளே இழுக்கவைத்தார்கள்.
போர்ட் லூயியில் மேடை, மாலை, சமோசா.
சிரிப்பே நம் ஒற்றுமை என்று மந்திரி
இருபத்திரண்டு நிமிடம் சிரிக்காமல் பேசினார்.

அச்சகத்தில் பல்லோரம் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது.
போனது ஒரு துணைக்கால்.
இரண்டு லட்சம் தலையிலும்
ஐயோ, ஐயே ஆகிவிட்டது.
மந்திரியின் முதுகுக்குப் பின்னால்
ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.
முகம் சுளித்து
ஐயே
என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்,
பேச்சு முடியும் வரைக்கும்.
எழுத்துத் தெரிந்த நாலைந்து பேர்
வாயில் சமோசாவை அடைத்துக்கொண்டோம்.

முத்தியா ஒன்றும் சொல்லவில்லை.
வியாழன் பத்தரைக்கு வந்தார்.
அவர் வரைந்தவரே உறைமேல் ஒட்டியிருந்தார்,
பளபளவென்று, பொத்தான் போட்டுக்கொண்டு.
தராசில் வைத்தேன்.
திங்கள் முதல் கட்டணம் ஏறியிருக்கிறது.
'ஒரு ரூபாய் குறையுது, முசியே முத்தியா.'
சட்டைப்பையைத் தடவினார்.
கால்சட்டைப்பை.
மறுபடி சட்டைப்பை.
நான்காம் கட்டம் வருவது வரிசைக்கே தெரிந்துவிட்டது.
லாம், மீன்கூடையோடு மதாம் லூசியென்,
மூக்கொழுகும் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
யாருக்கும் தமிழில் ஓர் எழுத்து தெரியாது,
சேர்ந்து சொன்னார்கள்,
காலோடு.

உறையைத் திருப்பித் தந்தேன்.
இந்த ஞாயிறு என் மூக்கு
கட்டத்துக்குள் அடங்காது.